தலைச்சுற்றுக்கு மருந்தா, மருந்தால் தலைச்சுற்றா?

இதை எழுதச் சொன்னது என் அம்மா. "எங்கட வீட்டில நடந்ததை எழுதிக் குடு தம்பி. புதுசா வந்திருக்கிற சனத்துக்கு உதவும். இதில வெட்கப்பட என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

வெட்கப்பட இருக்கிறது. நடந்ததில் பெரிய பிழை என்னுடையது. ஆனாலும் அம்மா சொன்னதில் நியாயம் உண்டு. லாச்சப்பலில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் முருங்கைக்காய் விலையோடு மருந்துக் கதையும் காதில் விழும். "எனக்கு இந்தக் குளிசை நல்ல சுகம் தந்தது, உங்களுக்கும் ரெண்டு தரட்டோ?" என்று கைப்பையைத் திறப்பவர்கள் எத்தனை பேர்! அன்பில்தான் கொடுக்கிறோம். என் கதையும் அன்பில் தொடங்கியதுதான்.

அம்மா 2016 வைகாசியில் பாரிசுக்கு வந்தார். அப்பா தவறி இரண்டு வருடம். வன்னியில் தனியாக இருந்த மனுசியை, ஒருபடியாக விசா எடுத்துக் கூப்பிட்டோம். வரும்போது ஒரு பெட்டியில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி. இன்னொரு சிறிய பையில் மருந்து. "பிரசருக்கு" என்று காட்டினார். நான் வடிவாகப் பார்க்கவில்லை. காலையில் ஒரு வேலை, பின்னேரம் ஒரு றெஸ்ரோறன்ற் குசினி என்று ஓடிக்கொண்டிருந்த காலம். அம்மாவின் மருந்தை அம்மா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

காப்புறுதி அட்டை கிடைத்ததும் எங்கள் வட்டாரத்து டொக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கையில் பட்டியைக் கட்டி அளந்துவிட்டு, "பதினெட்டு ஒன்பது" என்றார். அம்மா திடுக்கிட்டுப் போனார். "பதினெட்டோ? அப்ப நான் செத்தெல்லோ போயிருக்கவேணும்?" பிறகுதான் விளங்கப்படுத்தினோம். எங்கள் ஊரில் 180/90 என்று சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் ஒரு சைபரை விட்டு 18/9 என்பார்கள். புதிதாக வந்தவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். அன்று அம்மா இரத்தப் பரிசோதனை என்று நினைத்து வெறும் வயிற்றோடு, காலைக் குளிசையும் போடாமல், நாலு மாடி ஏறி வந்திருந்தார். பிரசர் கூடத்தான் காட்டும்.

டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். "வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா?" பத்து வயது மகள்தான் மொழிபெயர்ப்பு. அம்மா, "இஞ்ச வந்து ஒண்டும் எடுக்கேல்லை" என்றார். அவர் சொன்னது, இங்கே புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்ற பொருளில். மகள் சொன்னது, ஒன்றுமே எடுக்கவில்லை என்று. நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் அம்லோர் என்ற குளிசை 5 மில்லிகிராமில் எழுதினார். அம்மா அதை ஒழுங்காகப் போட்டார். ஆனால் ஊரில் இருந்து கொண்டுவந்ததையும் நிறுத்தவில்லை. "வெள்ளைக்காரன்ர மருந்து சூடு. ஊர் மருந்துதான் எங்கட உடம்புக்கு ஒத்துவரும்" என்பது அவருடைய நம்பிக்கை. முடிய முடியக் கொழும்பில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் நோர்வாஸ்க் என்று பெயர், 10 மில்லிகிராம். இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்துதான் என்பது அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாளொன்றுக்கு 10-க்கு மேல் போகக்கூடாத மருந்து 15 போய்க்கொண்டிருந்தது.

சில மாதத்தில் அம்மாவின் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் கூடினால் கால் வீங்கும் என்று இப்போது தெரியும். அப்போது, "குளிர் நாடு, நடை இல்லை, அதுதான் நீர் கோத்திருக்கு" என்றோம். டொக்டரும் தனக்குத் தெரிந்த அளவை வைத்து, சிறுநீர் போக லாசிலிக்ஸ் எழுதினார். கால் வற்றியது. தலை சுற்றத் தொடங்கியது.

2017 சித்திரையில் ஒரு நாள் மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகையில், லாச்சப்பல் மெற்றோ நிலையத்துப் படியில் அம்மா கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். அங்கே மெற்றோ தலைக்கு மேலே பாலத்தில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். "றெயில் ஓடுதோ, நான் ஓடுறனோ தெரியேல்லை தம்பி. கிறுதியாக் கிடக்கு" என்றார். முகம் வெளிறி, கை குளிர்ந்திருந்தது.

திரும்பவும் டொக்டர், திரும்பவும் மகள். கிறுதி என்பதற்கு அவள் "வெர்த்தீஜ்" என்றாள். பிழை இல்லை. ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல் உயரத்தில் நின்றால் வருகிற பயத்துக்கும் ஆகும். டொக்டர், "எத்தனையாம் மாடியில் இருக்கிறீர்கள்? பல்கனியில் நிற்கும்போதா?" என்று கேட்டார். நாங்கள் ஆறாம் மாடி. "ஓம், மாடிதான்" என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் "தலைச்சுற்று" என்றுவிடுகிறோம். வீடே சுழலுவது ஒன்று. எழும்பும்போது கண் இருட்டுவது வேறொன்று. தள்ளாடுவது மூன்றாவது. மயங்கி விழுவது நாலாவது. நாலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அம்மாவுக்கு வந்தது இரண்டாவது. கதிரையில் இருந்து எழும்பினால் கண் இருட்டும்; படுத்தால் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் டொக்டர் உடனே பிடித்திருப்பார். நாங்கள் சொல்லவில்லை. அவர் சில நாளைக்கென்று தங்கானில் எழுதித் தந்தார். பிரான்சில் தலைச்சுற்று என்றால் முதலில் எழுதப்படுகிற மருந்து அது. 1957 முதல் இங்கே விற்கிறார்கள். அது அம்மாவுக்கு உதவவில்லை. உதவக்கூடிய இடத்தில் நோய் இருக்கவில்லை.

இனி என் பங்கு வருகிறது.

ஊரில் தலைச்சுற்று, சத்தி என்றால் ஸ்ரெமெற்றில் என்ற சிறிய வெள்ளைக் குளிசை கொடுப்பார்கள். எனக்கும் சின்ன வயதில் தந்திருக்கிறார்கள். நல்ல சுகம். கொழும்பில் இருந்து வந்த ஒரு நண்பரிடம் சொல்லி நூறு குளிசை எடுப்பித்தேன். "அம்மா, இது ஊர் மருந்து" என்று கையில் வைத்தபோது அவருக்கு வந்த சந்தோசம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாளுக்கு மூன்று. முடிய முடிய இன்னொரு நூறு. ஆனி தொடங்கி மார்கழி வரை.

கிறுதி கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. அம்மா எழும்பி நடமாடுவதையே குறைத்துவிட்டார் என்பதுதான் காரணம் என்று பிறகு விளங்கியது. ஐப்பசி அளவில் அம்மா மாறிப்போனார். நடை சின்னச் சின்ன அடியாகியது. சோபாவில் இருந்தால் இருந்தபடி. பேத்தி பகிடி சொன்னால் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இடியப்ப உரலைப் பிழியக் கை வரவில்லை. வலது கைப் பெருவிரல் சும்மா இருக்கையில் நடுங்கியது.

நாங்கள் என்ன நினைத்தோம்? கவலை என்று நினைத்தோம். அப்பா இல்லை, ஊர் இல்லை, முற்றம் இல்லை, வெய்யில் இல்லை. "இந்தக் கிழவி இஞ்ச வந்து வாடிப்போச்சுது" என்று ஊரில் இருந்த சித்தி ரெலிபோனில் அழுதா. திருப்பி அனுப்பிவிடுவோமா என்றுகூட நானும் மனைவியும் இரவில் கதைத்தோம். பத்து மாதம் ஓடி அலைந்து கூப்பிட்ட தாயை, கட்டாயம் செத்துப்போவார் என்ற பயத்தில் திருப்பி அனுப்ப யோசித்தோம்.

ஒரு அலுவலகத்தில் அம்மா கையெழுத்து வைக்கவேண்டி வந்தது. முந்திய பத்திரத்தில் இருந்த கையெழுத்தில் பாதி அளவுதான் வந்தது. அந்த அம்மணி திரும்ப வைக்கச் சொன்னார். அது இன்னும் சின்னதாக வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கையெழுத்து மாறினால் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2018 தையில் அம்மாவின் அம்லோர் எடுக்க எங்கள் தெருவுக்குக் கிட்ட உள்ள பாமசிக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை இங்கேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை. "அண்ணா, அம்மா ஏன் முந்தி மாதிரி வாறேல்லை?" என்று கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தாள். அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், எல்லா நாட்டு மருந்தையும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தாயையும் கூட்டிவாருங்கள்."

அடுத்த நாள் ஒரு சொப்பிங் பையைக் கொட்டினோம். அம்லோர், நோர்வாஸ்க், லாசிலிக்ஸ், தங்கானில், ஸ்ரெமெற்றில், இடையில் யாரோ தந்த நித்திரைக் குளிசை அரை அட்டை. அவர் இரண்டு பெட்டியைப் பக்கத்தில் வைத்து, சிறிய எழுத்தை விரலால் காட்டினார். பெரிய எழுத்தில் பெயர் வேறு. கீழே சிறிய எழுத்தில் ஒரே சொல். பிறகு ஸ்ரெமெற்றில் அட்டையைத் தூக்கினார். "இதை எவ்வளவு காலம்?" "ஆறு மாதம்" என்றேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பல்லுச்சக்கரம் போலத் தெறித்துத் தெறித்து வந்தது. உடனே டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தார்.

அந்தக் கிழமையே நரம்பு வைத்தியரிடம் அனுப்பினார்கள். இந்த முறை நான் லீவு எடுத்தேன். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி ஒழுங்கு செய்த மொழிபெயர்ப்பாளரோடு போனோம். ரெலிபோனில் கதைக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளின் தலையில் இந்தச் சுமையை வைக்காதீர்கள். அவர்கள் கெட்டிக்காரர்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அப்பம்மாவின் நோயைத் தூக்கும் வலு இல்லை.

அந்த டொக்டர் முதலில் அம்மாவைப் படுக்கவைத்துப் பிரசர் அளந்தார்: 13. எழும்பி நிற்கவைத்து அளந்தார்: 10. எழும்பியதும் இரண்டு அலகோ அதற்கு மேலோ விழுந்தால் அது சரியில்லை. அம்மாவுக்கு மூன்று விழுந்தது. கிறுதியின் காரணம் அங்கே இருந்தது. பிறகு, "ஏதாவது எழுதுங்கள், உங்கள் மொழியிலேயே" என்று தாள் கொடுத்தார்.

அம்மா தன்னுடைய பையில் இருந்து கொப்பியை எடுத்தார். அவர் நாளாந்தம் விளக்கேற்றியபின் "சிவாயநம" என்று ஒரு பக்கம் எழுதுவார். திகதியும் போடுவார். டொக்டருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வைகாசியில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆவணியில் சிறுத்தது. கார்த்திகையில் வரியின் தொடக்கத்தில் கடலை அளவும் முடிவில் கடுகு அளவும். "மருந்து எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். ஆனி என்றேன். அவர் கொப்பியில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு வந்தது பார்க்கின்சன் நோய் போன்ற நிலை. ஆனால் மருந்தால் வந்தது. மூளையில் டோபமின் என்ற பொருள் இருக்கிறது. உடம்பை அசைக்க, முகத்தில் உணர்ச்சி காட்ட அது வேண்டும். ஸ்ரெமெற்றிலின் உள்மருந்தான புறோகுளோபெரசின், சத்தியை நிறுத்த அந்த டோபமினின் வாசலை அடைக்கிறது. மூன்று நாலு நாள் அடைத்தால் சத்தி நிற்கும். மாதக் கணக்கில் அடைத்தால், அதுவும் வயதானவருக்கு அடைத்தால், ஆளே உறைந்துபோவார். எங்கள் பகுதியில் நிறையப் பேர் எடுக்கும் ஸ்ரூஜெறோன் என்ற சினரிசின் குளிசையும், அதன் உறவான புளுனரிசினும் நீண்டகாலம் எடுத்தால் இதையே செய்யக்கூடியவை.

இன்னொன்றும் அறிந்தேன். நான் "ஊர் மருந்து" என்று கொடுத்தது ஊர் மருந்தே அல்ல. அந்த மருந்துக் குடும்பம் பிறந்தது பிரான்சில். றோன் பூலங் கொம்பனி 1950-இல் செய்த குளோப்புறோமசின் என்ற மருந்தை, 1952-இல் பாரிஸ் சென்ற் ஆன் ஆஸ்பத்திரியில் மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் தம்பிதான் இது. பாரிசில் இருந்து கொழும்புக்குப் போய், கொழும்பில் இருந்து என் நண்பனின் பெட்டியில் திரும்ப பாரிசுக்கு வந்திருக்கிறது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. மருந்துக்கு ஊர் கிடையாது.

சுருக்கமாகப் பாருங்கள். ஒரு மருந்து இரட்டித்ததால் கால் வீக்கம். வீக்கத்துக்கு இன்னொரு மருந்து. அதனால் தலைச்சுற்று. தலைச்சுற்றுக்கு மூன்றாவது மருந்து. அதனால் நடுக்கம். கொப்பி இல்லாவிட்டால் நடுக்கத்துக்கு நாலாவது மருந்தும் வந்திருக்கும். வேலியில் ஓணான் ஏறினால் ஓணானைக் கலைக்கவேண்டும்; நாங்கள் வேலிக்கு மேல் வேலி போட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், அகராதியோடு இருந்து வாசித்தேன். தலைச்சுற்றின் வரலாற்றில் பாரிசுக்குப் பெரிய இடம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, திடீரெனத் தலை சுற்றி விழுந்தால் மூளையில் இரத்தம் கூடிவிட்டது என்று சொல்லி, அட்டை கடிக்கவிட்டு இரத்தம் எடுப்பார்களாம். ஏற்கெனவே நிற்கமாட்டாத மனிதரிடம் இரத்தத்தையும் எடுத்தால் எப்படி எழும்புவார்? சென் ஜாக் தெருவில் இருந்த செவிப்புலனற்றோர் பாடசாலையின் வைத்தியர் புறொஸ்பேர் மெனியேர், 1861 தை 8-ஆம் திகதி மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இது மூளையில் வருவது அல்ல, உட்காதில் வருவது என்றார். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். இன்றும் காது இரைந்து, கேட்கும் திறன் குறைந்து, வீடு சுழலும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர். தலை திரும்பினால் நீர் அசைந்து, நுண்ணிய மயிர்க்கலங்களைத் தொட்டு, மூளைக்குச் செய்தி போகும். கண்ணும் காலும் அதே செய்தியைச் சொன்னால் நாங்கள் நேராக நிற்போம். ஒன்று வேறு கதை சொன்னால் உலகம் சுற்றும்.

மெனியேருக்குப் பிறகு வந்தவர் சார்க்கோ. சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் பெயர்பெற்ற நரம்பு வைத்தியர். அவர் 1870-களில் இந்தத் தலைச்சுற்றுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? கொயினா! வாசித்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். வன்னியில் மலேரியாக் காய்ச்சல் வந்த எங்கள் பேரன், "கொயினா குடிச்சால் காதுக்குள்ள வண்டு கத்தும், நிலம் ஆடும்" என்று சொல்லுவார். 1934-35-இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன காலத்திலும் அந்தக் கசப்பைத்தான் சனம் குடித்தது. அந்தக் கொயினாவைச் சிங்கோனாப் பட்டையில் இருந்து 1820-இல் பிரித்தெடுத்தவர்களும் பாரிசில்தான் இருந்தார்கள். காதை இரையச் செய்யும், தலையைச் சுற்றச் செய்யும் மருந்து என்று தெரிந்துகொண்டே, காது இரைச்சலுக்கும் தலைச்சுற்றுக்கும் சார்க்கோ அதைக் கொடுத்தார்.

அதேபோலத்தான் காசநோய்க்கு வந்த ஸ்ரெப்ரோமைசின் ஊசி. 1943-இல் கண்டுபிடித்தார்கள், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் சிலருக்குக் காதின் மயிர்க்கலங்களைத் தின்றுவிட்டது. அப்படிச் சமநிலையை இழந்த ஒரு அமெரிக்க வைத்தியர், தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாடித்துடிப்புக்கே கண்முன் எழுத்துத் துள்ளியதால், கட்டில் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையில் தலையை இறுக்கி வைத்துத்தான் புத்தகம் வாசித்தாராம். அதே ஸ்ரெப்ரோமைசினை, மெனியேர் நோயில் ஓயாமல் சுற்றும் காதை அடக்குவதற்கு 1948-இலேயே வேறு வைத்தியர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். இன்றும் வேறு வழியில்லாத நோயாளிக்கு, அதன் இனமான ஜென்ராமைசினைச் செவிப்பறைக்கு ஊடாக ஊசியால் காதுக்குள் விடுகிறார்கள். ஒருவருக்குக் கேடு செய்தது இன்னொருவருக்கு வைத்தியம். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே என்ன செய்கிறோம் என்று தெரிந்து, அளந்து, பார்த்துக்கொண்டு செய்கிறார்கள். நான் தெரியாமல் செய்தேன்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தலைச்சுற்று மருந்துகள் முதல் சில நாட்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் காது கெட்டாலும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய கணக்குப் பழகிக்கொள்ளும். அடக்கும் மருந்தை நீட்டிக்கொண்டு போனால் அந்தப் பழக்கம் பிந்திவிடும். பெற்றாஹிஸ்ரின் என்ற குளிசையை மெனியேர் நோயாளர் 221 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஜேர்மன் ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. கூடிய அளவு எடுத்தவர், குறைந்த அளவு எடுத்தவர், வெறும் மாவுக் குளிசை எடுத்தவர் என்று மூன்று பகுதியினருக்கும் காலப்போக்கில் ஒரேமாதிரிக் குறைந்தது. படுக்கையில் புரளும்போது சில வினாடி வீடு சுற்றுகிறது என்றால், அது பெரும்பாலும் காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம்மாறியதால் வருவது. அதற்குக் குளிசையே தேவையில்லை. தலையையும் உடம்பையும் ஒரு முறைப்படி சாய்த்து, துகளைத் திரும்ப இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த முறைகளில் ஒன்றை 1988-இல் எழுதியவர் அலென் செமோன் என்ற பிரெஞ்சு பிசியோதெரபிஸ்ற். இதைத் தெரிந்த "கினே" பாரிசில் நிறையப் பேர் உண்டு. டொக்டரிடம் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

எங்கள் வீடுகளில் தலைச்சுற்றைத் தரும் மருந்து வேறும் இருக்கிறது. பிரசர்க் குளிசை, நீர் போகும் குளிசை, ஆண்களுக்குச் சலம் இலகுவாகப் போகத் தரும் குளிசை ஆகியவை எழும்பும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். இடுப்பு நோவுக்குக் குசினி வேலைக்காரர் போடும் திறாமடோல், பழைய நினைவுகளால் நித்திரை வராதவர்களுக்குத் தரும் லெக்சோமில் போன்றவை, வலிப்புக் குளிசை எல்லாம் மூளையை மந்தமாக்கித் தள்ளாட வைக்கும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுவிட்டுக் கந்தசஷ்டிக்குப் பட்டினி இருந்தால், சீனி இறங்கித் தலை சுற்றும். விரதத்துக்கு முன் டொக்டரைக் கேளுங்கள், முருகன் கோவிக்கமாட்டார்.

நான் வைத்தியன் அல்ல. பட்டுத் தெளிந்தவன் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன்.

வருடத்தில் ஒரு தடவையாவது எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுப் பாமசிக்குக் கொண்டுபோங்கள். ஊரில் இருந்து வந்தது, இந்தியாவில் இருந்து வந்தது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு மருந்து எல்லாம். பச்சை அட்டையைப் போட்டுப் பார்க்கும் பதிவில் இங்கே வாங்கியதுதான் தெரியும். கொழும்புப் பெட்டி தெரியாது. பல மருந்து எடுக்கும் முதியவர்களோடு பாமசிக்காரர் இருந்து கதைத்து மருந்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு 2018 முதல் நடக்கிறது; கேளுங்கள். பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்க்காமல் சிறிய எழுத்தைப் பாருங்கள். தலைச்சுற்றுக்கு மருந்து கேட்குமுன், "நான் எடுக்கும் மருந்தால் இது வந்ததா?" என்று கேளுங்கள். சந்தேகம் வந்தாலும் பிரசர், வலிப்பு, நித்திரைக் குளிசைகளை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அதுவும் ஆபத்து.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தலைச்சுற்றோடு வாய் கோணினால், பேச்சுக் குளறினால், கை கால் வழங்காவிட்டால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால், முன் அறியாத தலையிடி வந்தால் உடனே 15-ஐ அழையுங்கள். அது மூளையில் இரத்தம் அடைபட்டதாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போகவேண்டும். எங்கள் லாச்சப்பலுக்குக் கிட்ட உள்ள லாறிபுவாசியேர் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைக்கென்று தனியான அவசரப் பிரிவு இருக்கிறது.

அம்மாவின் கதையை முடிக்கிறேன். டொக்டர் ஸ்ரெமெற்றிலை நிறுத்தினார். கொழும்பு நோர்வாஸ்க் போனது. லாசிலிக்ஸ் போனது. அம்லோர் 5 மட்டும் மிஞ்சியது. கிறுதி இரண்டு கிழமையில் நின்றது. நடுக்கமும் மெத்தனமும் உடனே போகவில்லை. "மாதக் கணக்காகும், சிலருக்கு முழுதாகப் போகாமலும் விடலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த மாதங்களில் நான் ஒவ்வொரு இரவும் வேலையால் வந்து, அம்மா நித்திரையானபின் கொப்பியைத் திறந்து பார்ப்பேன். மாசியில் மாற்றமில்லை. பங்குனியில் மாற்றமில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு "சி" கொஞ்சம் பெருத்தது போல இருந்தது. கண்ணின் ஆசையோ என்று நினைத்து மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவளும், "ஓம், பெருத்துத்தான் கிடக்கு" என்றாள்.

ஆவணியில் பிள்ளையார் தேர் லாச்சப்பல் தெருக்களில் ஓடியபோது அம்மா நடந்து வந்தார். தேங்காய் உடைத்த இடத்தில் சிதறிய இளநீர் பட்டு மகள் கத்த, அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பத்து மாதமாக நாங்கள் கவலை என்று நினைத்திருந்த முகம் அது.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "அம்மா, அந்தக் காலத்தில உங்களுக்குக் கவலையே இருக்கேல்லையோ?"

"கவலை இருந்ததுதான் தம்பி. இப்பவும் இருக்கு. ஆனால் அப்ப அழவும் முகம் வரேல்லை" என்றார்.

இப்போதும் நித்தமும் எழுதுகிறார். ஒரு கொப்பி முடிய நான்தான் அடுத்த கொப்பி வாங்கிக்கொடுக்கிறேன். ஊரில் இருந்து யாராவது வந்து, "அம்மாவுக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டால், ஒடியல் மா கொண்டுவாருங்கள், பனங்கட்டி கொண்டுவாருங்கள் என்று சொல்கிறேன். மருந்து மட்டும் வேண்டாம்.